பாரதி பாடல்கள் பொதுச்சொத்தான வரலாறு

கடல் கடந்த தமிழர் கூடும் விழா எதுவாயினும் அங்கே பாரதியார் பாடல் ஒன்றேனும் ஒலியாமல் இருப்பதில்லை. இத்தீவுகளிலும் அவ்வாறே. சிறுவர் கூடிப் பாடுகின்றனர். சிறுமியர் அபிநயம் பிடிக்கின்றனர். மலரின் முகப்பில் அவருடைய அடிகளைப் பொறிக்கின்றோம். எவரிடமும் அனுமதி வேண்டி ஓலை எழுதுவதில்லை. எவரும் வந்து தடுப்பதுமில்லை. காற்றையும் கடல்நீரையும் போல அப்பாடல்கள் நமக்கு இயல்பாகவே கிடைத்தன என்று எண்ணி வாழ்கின்றோம். ஆயினும் 1949-ஆம் ஆண்டுக்கு முன் நிலைமை வேறு. பாரதியார் பாடலை ஒரு திரைப்படத்தில் பாடவைத்த குற்றத்துக்காகப் புகழ்பெற்ற நாடகக் குழுவொன்று வழக்கறிஞர் நோட்டீசைச் சந்தித்த காலம் உண்டு. அவ்வரலாற்றை அறிந்தால் பதிப்புரிமை என்பது யாது, அதனை மீறுதல் யாது, மீறினார் என்று முறையிடத் தக்கவர் யாவர் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை தானே விளங்கும். ஆதலின் இவ்வாண்டு மலரில் அதனையே எழுத எடுத்துக்கொண்டோம்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு சொல். நூல், பாடல், ஓவியம், நாடகம் முதலியவற்றை ஆக்கியோனுக்கு உள்ள உரிமையைப் பதிப்புரிமை என்பர். காப்புரிமை என்பாரும் உளர். புதிய பொறியைக் கண்டுபிடித்தவனுக்குரிய உரிமையையும் பலர் காப்புரிமை என்றே வழங்குவதால் மயக்கம் விளைகிறது. இரண்டும் வெவ்வேறு சட்டங்களின்பாற் பட்டவை. இக்கட்டுரையில் பதிப்புரிமை என்றே எழுதுவோம்.

நம் முன்னோர்க்கு இவ்வுரிமை தெரியாது என்று சொல்லிவிடலாகாது. தெரிந்த வகை வேறு. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூலார் வகுத்துரைத்தார். முன்னோர் கருத்தையும் சொல்லையும் எடுத்தாளுதலைப் பிழையெனக் கொள்ளாமல் அவர்க்குச் செய்யும் மரியாதையாகவே கொண்ட மரபு அது. ஏட்டைப் படியெடுப்பவன் அறம் செய்தவனாகவே எண்ணப்பட்டான். பாடியவன் பெயரை மறைப்பதுதான் பழியாயிற்று. பொருள் கொடுத்துக் காக்க வேண்டிய உரிமை என்பது அச்சுப்பொறி வந்தபின் எழுந்தது. ஒருவன் கைந்நோவ எழுதியதை மற்றொருவன் ஒரே நாளில் ஆயிரம் படியாக்கி விற்றுவிடலாம் என்ற நிலை வந்தபோது வேலி வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் 1710-இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியார் காலத்துச் சட்டம் அவ்வேலியின் முதற்கால். இந்தியாவில் கும்பினியார் ஆட்சியில் 1847-இல் ஒரு சட்டமும், ஆங்கிலச் சட்டத்தைத் தழுவி 1914-இல் மற்றொரு சட்டமும் வந்தன. பாரதியாரின் பாடல்கள் சிக்கியது இந்த 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தினுள்ளேதான். ஆக்கியோன் வாழ்நாளும் அதன்பின் ஐம்பதாண்டும் உரிமை நிற்கும் என்றது அச்சட்டம். பாரதியார் மறைந்தது 1921 செப்டம்பரில். அரசினர் குறுக்கிட்டிராவிடில் 1971 வரையில் அப்பாடல்கள் யாரோ ஒருவருடைய உடைமையாகவே இருந்திருக்கும்.

பாரதியார் தம் பாடல்களைப் பொருளாக எண்ணினாரா? இதற்கு இருவகையாகவும் விடை கூறலாம். 1907-இல் அவருடைய தேசியப் பாடல்கள் சிலவற்றைக் கேட்டு மனமுருகிய வி. கிருஷ்ணசாமி ஐயர், தாம் மிதவாதியாக இருந்தும், 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அப்பொழுது கவிஞர் மகிழ்ந்தாரேயன்றிக் கணக்குப் பார்த்தாரில்லை. மறு ஆண்டு வ.உ. சிதம்பரனார் மீது திருநெல்வேலியில் நடந்த வழக்கில் சாட்சி சொல்லச் சென்றதும், சிதம்பரனாருக்குத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டதும், பாரதியார் புதுச்சேரிக்குப் போனதும் நாடறிந்தவை. (சிதம்பரனாரை இத்தீவுகளுக்குக் கொண்டுவரவில்லை, கோவையிலும் கண்ணனூரிலும் சிறைவைத்தனர். செல்லுலர் சிறையைக் காணவரும் நம் ஊர் விருந்தினர் சிலர் அவருடைய அறை எங்கே என்று கேட்பதால் இதனை இங்கே குறிக்கின்றோம்.) ஆனால் புதுச்சேரியினின்று மீண்டு 1920-இல் கடையத்தில் இருந்தபோது அதே பாரதியார் வேறொரு முகம் காட்டினார். தம் எழுத்துக்கள் யாவற்றையும் 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 படி அச்சிட்டு, தீப்பெட்டி மண்ணெண்ணெய் போல வீடுதோறும் விற்பனையாகச் செய்யவேண்டும் என்று திட்டமிட்டு, அதற்குக் கடன் வேண்டி அன்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். தம் எழுத்துக்கு விலை உண்டு, அவ்விலை தமக்கும் தம் குடும்பத்துக்கும் வரவேண்டும் என்று எண்ணிய ஒருவருடைய கணக்கு அது. பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு அவர் திருவல்லிக்கேணியில் மறைந்தார்.

பின்வந்த கதை வறுமையின் கதை. கணவர் மறைந்த மறு ஆண்டிலேயே செல்லம்மாள் பாரதி ஆசிரமம் என்னும் பெயரால் சுதேச கீதங்களைத் தாமே வெளியிட்டார். பதிப்புத் தொழில் பழகாத ஒரு விதவையார் அந்நாளிலே அதற்குத் துணிந்தது நாம் நினைந்து பார்க்கவேண்டிய ஒன்று. அம்முயற்சி நிலைக்கவில்லை. 1924-இல் பாரதியாரின் தம்பி சி. விசுவநாதன், மருமகன் கே. நடராஜன், ஹரிஹர சர்மா ஆகியோர் சேர்ந்து பாரதி பிரசுராலயத்தை நிறுவினர். பாரதியார் நூல்கள் தொடர்ந்து மக்கள் கைக்குக் கிடைத்தது அவர்தம் உழைப்பால் என்பதை மறத்தலாகாது. 1928-இல் பர்மா அரசாங்கம் பாரதியார் பாடல்களைத் தடைசெய்ய, அதனைப் பின்பற்றிச் சென்னை அரசாங்கமும் படிகளைப் பறிமுதல் செய்தது. சத்தியமூர்த்தி சட்டசபையிலே அதனை எதிர்த்து இடிமுழக்கம் செய்தார். பர்மாவினின்று இத்தீவுகளுக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களின் மூத்தோர்க்கு அத்தடையின் கதை சற்று நெருக்கமாகவே இருக்கும். 1931-இல் நூல்களுக்குரிய பதிப்புரிமையை 4,000 ரூபாய்க்குப் பிரசுராலயத்தார் செல்லம்மாளிடமிருந்து வாங்கிக்கொண்டனர். பின்னாளில் விசுவநாதன் ஒருவரே அதற்கு உடையவரானார்.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர் கவனித்தல் வேண்டும். பதிப்புரிமை என்பது ஒற்றைப் பொருளன்று. ஒரு வீட்டில் கூடத்தை ஒருவர்க்கும் மாடியை ஒருவர்க்கும் வாடகைக்கு விடுவதுபோல, அச்சிடும் உரிமை, மொழிபெயர்க்கும் உரிமை, மேடையேற்றும் உரிமை, இசைத்தட்டில் பதியும் உரிமை, படத்தில் எடுக்கும் உரிமை என்று அதனைக் கூறுபோடலாம். பேசும் படமும் இசைத்தட்டும் பெருகத் தொடங்கிய அக்காலத்தில் பாரதியார் பாடல்களை ஒலிப்பதியும் உரிமை தனியே பிரிந்தது. சூரஜ்மல் நிறுவனத்தாரான ஜெய்சிங்லால் மேத்தா என்னும் வணிகர் அதனைச் சில நூறு ரூபாய்க்கே பெற்றார். தமிழ் நாட்டவர் எவரும் அதன் மதிப்பை அறிந்து முன்வராததை என்னென்பது! பின்னர் அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் ஏறத்தாழப் பதினாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினார். 1947-இல் வெளிவந்த அவருடைய ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் பரவின. சுதந்திரம் வரப்போகும் ஆண்டு. மக்கள் உள்ளம் கனிந்திருந்தது. நூலால் எட்டாத இடங்களுக்கும் அப்பாடல்களை அப்படம் கொண்டுபோய்ச் சேர்த்தது உண்மை.

அடுத்த ஆண்டில் பிணக்கு வந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் கண்ணன் பாட்டிலுள்ள பாடல் ஒன்றைச் சேர்த்தனர். ஒலிப்பதிவுரிமை தமக்கே உரியது, தம் அனுமதியின்றிச் சேர்த்தது மீறல் என்று மெய்யப்பர் நோட்டீசு விடுத்தார். டி.கே. சண்முகம் அடங்கிப்போகும் இயல்பினரல்லர். பாரதி தமிழர்க்கெல்லாம் உரியவர் என்று எதிர்த்து நின்றார்.

இருவருள் யார் பக்கம் நியாயம்? உணர்ச்சியை ஒதுக்கிவைத்துச் சட்டத்தை மட்டும் நோக்கினால், மெய்யப்பர் முறையாக விலைகொடுத்து வாங்கியவர், உரிமை அவருடையது, அவ்வுரிமையை அவர் ஒருவரே எடுத்துக்காட்டி முறையிடலாம். அப்பாடலைப் பாடிய கவிஞரின் மனைவியார் அப்பொழுது உயிரோடிருந்தார். அவர் ‘சண்முகம் பாடட்டும்’ என்று சொல்லியிருந்தாலும் சட்டத்தின்முன் அச்சொல் செல்லாது. ‘பாடக்கூடாது’ என்றிருந்தாலும் செல்லாது. விற்றவர்க்கு வாயில்லை, வாங்கியவர்க்கே வாய். பதிப்புரிமை மீறலை யார் முறையிடலாம் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் வரலாற்றில் இல்லை. மெய்யப்பரைக் கொடியவராகக் காட்டிப் பேசுவது சில மேடைகளில் வழக்கம். அது பொருந்தாது என்பது நம் கருத்து. குறை, ஒரு சமூகத்தின் பொதுச்செல்வத்தைக் கடைச்சரக்காகக் கைமாற விட்ட நம் அனைவரின் அசட்டையில் இருந்தது.

அந்த அசட்டை கலைந்தது. எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் 1947 அக்டோபரில் இராஜாஜியால் திறக்கப்பட்டபின் கவிஞருடைய நினைவு தமிழகமெங்கும் பொங்கியெழுந்தது. பாடல்களை விடுவிக்க வேண்டுமென்று ஜீவானந்தம் போன்றோர் முழங்கினர். 1948-இல் பாரதி விடுதலைக் கழகம் தோன்றியது. வ.ரா., நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம், டி.கே. சண்முகம் முதலியோர் அதில் முன்னின்றனர். அவர்களுள் சிலர் திருநெல்வேலிக்குச் சென்று செல்லம்மாளைக் கண்டு அவருடைய இசைவையும் பெற்றனர். சட்டப்படி அவ்விசைவு தேவையில்லை என்று முன்னே சொன்னோம்; ஆயினும் அக்குழுவினர் முதலில் அவ்வீட்டு வாயிலுக்கே சென்றனர் என்பது நமக்கு மனநிறைவு தருகின்றது.

ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராகவும் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராகவும் இருந்த சென்னை அரசு, 1949 மார்ச்சில் பாரதியார் நூல்களின் உரிமையை அரசே ஏற்கும் என்று அறிவித்தது. மெய்யப்பர் தம் ஒலிப்பதிவுரிமையை ஒரு காசும் பெறாமல் அரசுக்கு அளித்துவிட்டார். நூலுரிமையை விசுவநாதனிடமிருந்து அரசு விலைகொடுத்துப் பெற்றது. செல்லம்மாளுக்கும் மகளிராகிய தங்கம்மாள், சகுந்தலா இருவர்க்கும் தலைக்கு 5,000 ரூபாய் வழங்கியது. அரசுப் பதிப்புகள் வெளிவந்தன. 1955-இல் யார் வேண்டுமாயினும் அச்சிடலாம் என்று அவ்வுரிமை மக்களுக்கே விடப்பட்டது. செல்லம்மாள் மறைந்ததும் அந்த ஆண்டிலேயேதான். ஓர் அரசு ஒரு கவிஞனுடைய பதிப்புரிமையை வாங்கிப் பொதுவாக்கியது உலகிலேயே இது முதன்முறை என்கிறார், இவ்வரலாற்றைப் ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ என்ற நூலில் விரிவாக ஆராய்ந்த ஆ. இரா. வேங்கடாசலபதி.

ஒப்புநோக்க இரண்டு செய்திகள். காந்தியடிகள் 1910-இல் தம் ‘இந்து சுயராச்சியம்’ நூலின் ஆங்கிலப் பதிப்பில் உரிமை எதுவும் ஒதுக்கப்படவில்லை என்றே பொறித்தார். ஆக்கியோன் தானே வேலியைத் தள்ளிவிடுவதும் உண்டென்பதற்கு அது சான்று. மறுபுறம் 1941-இல் மறைந்த இரவீந்திரநாத தாகூரின் உரிமை 1991-இல் முடிய வேண்டியிருந்தது. விசுவபாரதியின் நலங்கருதி நாட்டுச் சட்டமே திருத்தப்பட்டு ஐம்பதாண்டு அறுபதாண்டாயிற்று. 2001 முடிவில்தான் தாகூர் பொதுவானார். தமிழர் தம் கவிஞரைக் காலத்துக்கு முன்னே விடுவித்துக்கொண்டனர். வங்காளியர் தம் கவிஞரைப் பின்னும் பத்தாண்டு வேலிக்குள் வைத்துக் காத்தனர். இரண்டும் அன்பினாலேயே. தமிழக அரசு பிற்காலத்தில் பாரதிதாசன், அண்ணா, கல்கி எனப் பலருடைய நூல்களைப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமையாக்கியது பாரதியார் வழியில் நடந்ததே. வேண்டாமென்று மறுத்த குடும்பத்தாரும் உண்டு. மறுப்பதும் அவர்தம் உரிமையே.

இனி இன்றைய சட்டம். 1957-இல் இயற்றப்பட்டு 1958 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டமே, பல திருத்தங்களோடு, இத்தீவுகள் உட்பட நாடு முழுதும் செல்லுகின்றது. ஆக்கியோன் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் உரிமை நிற்கும். பதிவு செய்தால் சான்றாகப் பயன்படும். செய்யாவிடினும் எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகின்றது. உடையவர் அனுமதியின்றி, அவர்க்கே உரிய செயல்களாகிய அச்சிடல், படியெடுத்தல், மொழிபெயர்த்தல், பொதுவில் நிகழ்த்தல், பதிதல் முதலியவற்றைச் செய்வது மீறல். அவ்வாறு செய்த படிகளை விற்பதும் மீறல். கருத்துக்கு வேலியில்லை, அக்கருத்தைச் சொன்ன வடிவத்துக்கே வேலி. ஆர்.ஜி. ஆனந்த் என்பவரின் நாடகக் கதையைத் திருடிப் படமாக்கினர் என்ற வழக்கில் உச்சநீதிமன்றம் 1978-இல் இதனைத் தெளிவாக்கியது. மாமியார் மருமகள் சண்டையை எவரும் நாடகமாக்கலாம். ஒருவர் எழுதிய உரையாடலை அப்படியே எடுத்துத் தம் பெயர் போட்டுக்கொள்வதுதான் குற்றம்.

சங்கங்களுக்குச் சட்டம் சில சலுகை தந்திருக்கின்றது. தொழில்முறையல்லாத கழகம் ஒன்று, கட்டணம் வாங்காத அவையின் முன் ஒரு நாடகத்தையோ பாட்டையோ நிகழ்த்துவது மீறலன்று. சமயச் சடங்கிலும் திருமண ஊர்வலத்திலும் இசைப்பதற்கும் விலக்குண்டு. ஆகவே நுழைவுச் சீட்டு விற்காத ஆண்டு விழாவில் நம் இளைஞர் நடிக்கும் நாடகத்துக்கு அச்சமில்லை. சீட்டு விற்றால் நிலைமை மாறும். நன்கொடை என்று பெயரிட்டு வாயிலில் வசூலிப்பதும் அவ்வகையிற் சேருமோ என்று ஐயம் எழுமானால், நாடக ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடுவதே எளிது. பெரும்பாலோர் மகிழ்ந்து இசைவர்.

மற்றொன்று. பாரதியார் பாட்டு பொது. ஆனால் அப்பாட்டுக்கு இன்று ஒருவர் அமைத்த மெட்டும், அதனைப் பாடிப் பதிந்த ஒலித்தட்டும் பொதுவல்ல. அவற்றிற்குத் தனித்தனி உடையவர் உளர். குழந்தைகள் தம் குரலால் பாடினால் ஒரு நிலை. பதிவு செய்ததை ஒலிக்கவிட்டு ஆடி, அதனைக் கைப்பேசியிற் படமெடுத்து உலகறியப் பரப்பினால் வேறு நிலை.

முறையிடுவோர் யார் என்பதற்கு வருவோம். நட்டஈடும் தடையாணையும் வேண்டி உரிமையியல் வழக்குத் தொடுப்பவர் உரிமையாளராகவோ, அவரிடம் தனியுரிமம் பெற்றவராகவோ இருத்தல் வேண்டும். அயலார் எவ்வளவு ஆத்திரப்பட்டாலும் அவ்வழக்குக்கு உரியரல்லர். குற்றவியல் வழி வேறு. தெரிந்தே மீறுவது ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் பெறத்தக்க குற்றம். பிடியாணையின்றிக் காவலர் நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றமே இது என்று உச்சநீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. அத்தகைய குற்றம் பற்றிக் காவல்நிலையத்தில் தகவல் தர உரிமையாளர்தாம் வரவேண்டுமென்று பதிப்புரிமைச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. கள்ளப்பதிப்பைக் கண்டவர் எவரும் சொல்லலாம். உதவி ஆய்வாளரும் அவர்க்கு மேற்பட்டோரும் கள்ளப்படிகளைக் கைப்பற்றலாம். எனினும் அனுமதி கொடுத்தாரா இல்லையா என்பதை உரிமையாளர் வந்து சொன்னாலன்றி வழக்கு நிற்பது அரிது. ஆதலால் நம்மனோர் செய்யத்தக்கது, கண்டதை ஆசிரியருக்கோ பதிப்பாளருக்கோ முதலில் தெரிவிப்பதாம். ஆதாரமின்றி வழக்குத் தொடுப்பேன் என்று மிரட்டுவாரும் உளர். அவ்வாறு மிரட்டப்பட்டவர் தாமே நீதிமன்றம் சென்று, மீறல் இல்லையென்று அறிவிக்கும்படி கேட்கவும் இச்சட்டத்தில் வழியுண்டு.

தீவுவாசிகளுக்குப் பெரிதும் பயன்படும் விதி ஒன்றை இங்கே சொல்லவேண்டும். பொதுவாக வழக்கு எதிராளி இருக்குமிடத்தில் தொடுக்கப்பட வேண்டும். பதிப்புரிமை வழக்கிலோ, உரிமையாளர் தாம் வாழுமிடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். சென்னையில் உள்ள ஒருவர் நம்மவர் எழுதிய நூலைக் கள்ளத்தனமாக அச்சிட்டால், இவர் மூன்று நாள் கப்பலேறிப் போக வேண்டியதில்லை. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர்பெற்ற போர்ட்பிளேரின் மாவட்ட நீதிமன்றமே போதும். மேல்முறையீடு கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்கு.

பிறர் பாட்டைப் பற்றியே பேசிவந்தோம். நம்மவர் எழுதியவை? இத்தீவுகளில் குடியேறிய தலைமுறையினர் மேடைக்காக எழுதிய நாடகங்கள், கும்மிப் பாடல்கள், வாழ்த்துப் பாக்கள் பல வீடுகளில் தகரப்பெட்டிக்குள் கிடக்கின்றன. எழுதியவர் பெயர் சிலவற்றில் இருக்கிறது, பலவற்றில் இல்லை. அவற்றின் உரிமை எழுதியவர்க்கும் அவர்தம் வாரிசுகளுக்குமே உரியது. ஒரு மலரில் அச்சிடத் தந்தமையால் அது சங்கத்தின் சொத்தாகிவிடாது. எழுத்து மூலமாக மாற்றிக் கொடுத்தாலன்றி உரிமை கைமாறாது. மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிக்கப்படாவிடில் ஐந்தாண்டோடு முடிந்துவிடும் என்பதும் இன்றைய சட்டம். 1931-இல் செல்லம்மாளுக்கு அத்தகைய காப்பு இருந்ததில்லை. உரிமையை விற்ற பின்னும் ஆக்கியோன் என்ற பெயரைக் கோருவதும், தம் படைப்பைச் சிதைத்துக் கெடுப்பதைத் தடுப்பதும் ஆசிரியரை விட்டு நீங்காத உரிமைகளாக இன்று நிற்கின்றன.

அப்பெட்டிகளைத் திறக்கும் அன்பர்கள், கையெழுத்துப் படியின் முதல் ஏட்டில் எழுதியவர் பெயரும், எழுதிய ஆண்டும், முதன்முதல் மேடையேறிய ஊரும் குறித்துவைக்க வேண்டுகின்றோம். அதைச் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் சிலரே நம்மிடையே உள்ளனர்.